கடன் தீர்ந்த மறுநாள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஏறுந்தோறும் யாம் இலக்கியமே பேசி வந்துள்ளோம். இம்முறையும் கம்பரைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தனர். வேறு பொருள் வேண்டியவர் யாமே. "தமிழாசிரியர்க்குப் பணத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி உளது?" என்று நீங்கள் வினவலாம். அது நேர்மையான வினாவே. பொருள்நூல் யாம் கற்றதில்லை. ஆயினும், பத்தாண்டுக் காலம் கடன்பட்டு உழன்று, அக்கடனைத் தீர்த்து, தீர்த்த மறுநாளே மீண்டும் கடன்பட இருந்து, மயிரிழையில் தப்பியவர் யாம். எம் தகுதி அவ்வளவே. அத்தகுதி இவ்வவையில் இன்னும் பலர்க்கு உண்டென்பதையும் யாம் அறிவோம். ஆதலின் பிறர் குற்றம் கூறும் எண்ணம் எமக்கு இல்லை. எம் குற்றத்தையே முதற்கண் எடுத்து மொழிகின்றோம்.

2011ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் எம் தங்கையின் திருமணம் நிகழ்ந்தது. எந்தையார்க்கு இரண்டு ஏக்கர் நன்செய் இருந்தது. எமக்கோ சிறு சம்பளம். கையிலிருந்த பொருளுக்கேற்ப மணத்தை நடத்தியிருப்பின் ஒரு குறையும் நேர்ந்திராது. ஆயின், மண்டபம் சிறிதாயின் ஊர் என் சொல்லும், பந்தியில் பதார்த்தம் குறைந்தால் சம்பந்தி வீட்டார் என் நினைப்பர் என்று ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டே போனோம். மணநாளுக்கு நான்கு நாள் முன்னர் 2,00,000 ரூபாய் குறைந்தது. வங்கிக்குச் செல்ல நேரமில்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினோம்.

இரண்டு ரூபாய் வட்டி என்பது கேட்க எளிதாய் இருக்கின்றது. அது திங்களுக்கு 4,000 ரூபாய். ஆண்டுக்கு 48,000 ரூபாய். எம்மால் திங்கள்தோறும் கட்ட முடிந்ததோ 4,400 ரூபாய். முதல் திங்களில் அத்தொகையில் 4,000 ரூபாய் வட்டிக்கே போயிற்று. அசலிற் கழிந்தது 400 ரூபாய் மட்டுமே. இங்ஙனம் கட்டிக் கட்டி அக்கடன் முற்றும் தீர 121 திங்கள் சென்றன. அஃதாவது பத்தாண்டும் ஒரு திங்களும். 2,00,000 ரூபாய் வாங்கிய யாம் 5,30,000 ரூபாய்க்கு மேல் திருப்பிக் கொடுத்தோம். பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. திங்கள்தோறும் 600 ரூபாய் மிகுதியாகச் சேர்த்து 5,000 ரூபாயாகக் கட்டியிருப்பின், அக்கடன் ஏறக்குறைய ஆறு ஆண்டு ஒன்பது திங்களில் தீர்ந்திருக்கும். அந்த 600 ரூபாய் எம் வீட்டில் இல்லாமற் போகவில்லை. கணக்கு இல்லாமையால் அது கண்ணிற் படவில்லை.

பணம் போயிற்று, அது போகட்டும். அக்காலத்து எம் இளவல் கல்லூரியில் இரண்டாமாண்டு பயின்றுகொண்டிருந்தான். வட்டியும் கட்டி அவனுக்குக் கட்டணமும் கட்ட இயலாது என்பதை யாம் வாய் திறந்து கூறுமுன்னரே அவன் உணர்ந்துகொண்டான். ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குச் சென்று பனியன் ஆலையில் வேலைக்கு அமர்ந்தான். மணப்பந்தலில் மூன்று வேளை உண்ட ஊரார்க்கு அந்த விருந்து மறுநாளே மறந்து போயிற்று. எம் இளவலின் படிப்பு மட்டும் மீளவே இல்லை.

நிற்க. யாம் சொல்ல வந்தது கடன்பட்ட கதையன்று. கடன் தீர்ந்த கதை.

2021ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில் கடைசித் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடன் கொடுத்தவர் புரோநோட்டை எம் கண்முன்னே கிழித்தார், காப்பி வருவித்தார், முகமலர்ந்து, "ஐயா, ஒரு மாதம் தவறாமல் கட்டினீர்கள். உங்களைப் போல் நாணயமானவர் கிடைப்பது அரிது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் வாருங்கள், எழுத்தே வேண்டாம்" என்றார். அவர் தீயவரல்லர், தம் தொழிலைச் செய்தார். ஆயின் அச்சொல் எமக்குப் பெரும்புகழ் போலத் தோன்றிற்று. வழிநெடுகிலும் அதனையே நினைந்து வந்தோம். அவ்வாண்டு எம் மகள் பூப்பெய்தியிருந்தாள். "பெரிய மண்டபத்தில் சடங்கு நடத்தலாம்; பத்திரிகை அடிக்கலாம்; பதாகை கட்டலாம். 1,50,000 ரூபாய்தானே? கடனில்லாத கைதானே?" என்று மனம் கணக்குப் போட்டது.

வீடு வந்து எம் துணைவியாரிடம் இதனைக் கூறினோம். அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து பின் கூறியது இது: "பத்து வருஷமாக ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் 4,400 ரூபாய் இல்லாமலேதான் இந்த வீடு நடந்திருக்கிறது. வருகிற ஐந்தாம் தேதியும் அது இல்லாமலே நடக்கட்டும். கொடுக்கிற இடத்தை மட்டும் மாற்றுங்கள்."

அன்பர்காள்! யாம் இன்று கூற வந்தது இவ்வொரு சொல்லே. எஞ்சியன எல்லாம் இதற்கு உரை.

கடன் தீர்ந்தது, தவணை தீரலாகாது. இதன் பயனை எண்ணிப் பாருங்கள். 4,400 ரூபாய்த் தவணை, கடன் என்னும் பள்ளத்தைத் தூர்க்க 121 திங்கள் எடுத்துக்கொண்டது. அதே தவணை, வட்டி ஒரு காசும் சேராமலே, 46 திங்களில் 2,02,400 ரூபாயாகக் குவிகின்றது. பணமும் அதுவே; கையும் அதுவே; சிக்கனமும் அதுவே. முன்னது பிறர்க்குக் கட்டியது. பின்னது நமக்குக் கட்டுவது. பத்தாண்டு பிறர்க்காகப் பழகிய பழக்கத்தை நமக்காக நான்காண்டு தொடர வொண்ணாதா?

இஃது எம் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் நாட்டின் வரலாற்றிலும் இதுவே காண்கின்றோம். 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் விலைகள் வீழ்ந்தபோது நெல்விலையும் வீழ்ந்தது. உழவர் கடன் மலையாயிற்று. 1938ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றிற்று. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையாய் நின்ற வட்டி தள்ளப்பட்டது. அசலுக்கு இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தோர்க்குக் கடன் முழுவதும் தீர்ந்ததாயிற்று. பின்னர்ப் போர்க்காலத்தில் நெல்விலை ஏறிற்று. ஆயினும், 1946இல் நாராயணசாமி நாயுடு அவர்கள் அரசுக்கு அளித்த ஆய்வு என்ன கண்டது? விற்பதற்கு நெல் மிகுதியாய் உடையோரின் கடன் குறைந்தது. குத்தகையாளர்க்கும் கூலியாளர்க்கும் கடன் கூடிற்று என்பதே.

நம் காலத்திலும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் பலமுறை தள்ளுபடியாயின. 2006இல் 6,866 கோடி ரூபாயும், 2016இல் சிறு குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி ரூபாயும், 2021இல் 16,43,000 விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாயும் தள்ளப்பட்டன. இவற்றை யாம் குறை கூறவில்லை. வெள்ளத்தாலும் வறட்சியாலும் வந்த கடனை உழவன் தலையில் மட்டும் சுமத்துதல் அறமன்று. ஆயினும் நம்மை நாமே ஒன்று வினவிக்கொள்ளல் வேண்டும். 2006இல் கடன் நீங்கிய வீடுகளுள் எத்தனை வீடுகள் 2016க்குள் மீண்டும் கடன் பட்டன? நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். அரசு கடனைத் தள்ளலாம். கடன் வருவிக்கும் வழக்கத்தைத் தள்ள அரசால் ஆகாது. அது நம் வீட்டிற்குள்ளேதான் ஆகவேண்டும்.

அதற்காக, வறுமையெல்லாம் ஊதாரித்தனத்தின் பயன் என்று கூறுவாரோடு யாம் உடன்படோம். கூலியே போதாதவர்க்குச் சிக்கனம் போதித்தல் பசித்தவனுக்கு நோன்பு போதித்தல் போலும். மருத்துவச் செலவால் வீழ்ந்த குடும்பங்கள் உள. மழையால் வீழ்ந்தனவும் உள. அவர்க்குச் சங்கம் செய்யவேண்டியது உதவி, உபதேசமன்று. யாம் பேசுவது, எவ்வாறேனும் அரும்பாடுபட்டுக் கரையேறி, ஈரம் உலராமல் கரையில் நிற்போரைப் பற்றியே. அவர்க்கே அந்த மறுநாள் இடருடையது.

இனி நம் காவிரி நாட்டைக் கருதுவோம். நமக்குப் பெருமை தருவது கல்லணை. கரிகாலன் கட்டியதென்று வழங்கும் அவ்வணை நீரைத் தேக்கி வைக்க எழுந்ததன்று. நீரைத் திருப்பிப் பகிர எழுந்தது. வந்த நீரை இன்ன ஆற்றுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவதே அதன் தொழில். பல நூற்றாண்டுகளாக நாம் பகிர்வதில் வல்லவராய் இருந்தோம். ஆயின் வெள்ளம் மிகுந்தால் கடலுக்குப் போயிற்று. மழை பொய்த்தால் வாய்க்கால் வறண்டது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்ற பின்னரே, காவிரி நீரைப் பெருமளவில் தேக்கிவைத்து வேண்டுங்காலத்து விடும் முறை நமக்கு வாய்த்தது. 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடையது அது.

நம் வீடுகளில் கல்லணை உண்டு; மேட்டூர் இல்லை. வந்ததைப் பிரிக்கத் தெரியும்: இது மளிகைக்கு, இது துணிக்கு, இது கோயிலுக்கு, இது சம்பந்தி வீட்டுச் சீருக்கு. தேக்கி வைக்கத் தெரியாது. தேக்கம் இல்லாத வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் கடன். ஒரு கல்யாணம் வந்தாலும் கடன். மேட்டூர் இருந்துமே, 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் வழக்கமான சூன் 12ஆம் நாளில் அணை திறக்கப்படவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அணையிருந்தும் அந்நிலையாயின், அணையே இல்லாத வீட்டின் நிலை என்னாம்?

தேக்கம் அமைப்பது எங்ஙனம்? மாதச் சம்பளம் பெறுவோர்க்கு வழி எளிது. எந்நாளில் கடன்தவணை கட்டினீர்களோ அந்நாளிலேயே, எத்தொகை கட்டினீர்களோ அத்தொகையையே, அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர்வைப்பிலோ வங்கியின் தொடர்வைப்பிலோ கட்டுக. அஞ்சலகத்தில் திங்களுக்கு 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்று இருத்தல் வீண். மிஞ்சுவது என்பது எந்த வீட்டிலும் இல்லை. சேமித்தது போக மிஞ்சியதைச் செலவிடுக. கடன்காரர்க்கு மிஞ்சியதையா கொடுத்தோம்? முதலில் அவர்க்கு; பின்னரே நமக்கு. அந்த முதலிடம் இனி நம் சேமிப்புக்கு உரியது.

உழவர்க்கு மாதந்தோறும் பணம் வருவதில்லை. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும். நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் மொத்தமாய் வந்து விழுகின்றது. மாசியில் செல்வராய் இருப்போர் வைகாசித் திருமணங்கள் முடிந்ததும் ஆனியில் உரம் வாங்கக் கைமாற்றுத் தேடுகின்றோம். முன்னாளில் களத்துமேட்டில் நடந்ததை முதியோர் நினைவுகூர்வர். நெல்லைத் தூற்றிக் குவித்ததும், ஊர்த்தொழிலாளர்க்கும் கோயிலுக்கும் உரிய பங்குகளைக் களத்திலேயே மரக்காலால் அளந்து கொடுப்பர். எஞ்சியதே பத்தாயம் சேரும். அம்முறையை இன்று வங்கிக் கணக்கிற்குக் கொண்டுவருக. பணம் வந்த அன்றே, ஒரு செலவும் செய்யாமுன், நான்கு குவியலாய்ப் பிரிக்க. முதற்குவியல் அடுத்த சாகுபடிக்கு. இரண்டாவது அடுத்த அறுவடை வரை வீட்டுச் செலவுக்கு. மூன்றாவது கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனுக்கு. உரிய நாளில் அதனைத் திருப்பிக் கட்டுவோர்க்கு நம் மாநிலத்தில் வட்டி இல்லை. தள்ளுபடி வருமென்று காத்திருந்து அச்சலுகையை இழத்தல் பேதைமை. நான்காவது குவியல் தேக்கத்திற்கு. அது பத்தில் ஒரு பங்காயினும் ஆகுக. விளைச்சல் குன்றிய ஆண்டில் நூற்றில் ஒரு பங்காயினும் ஆகுக. வெறுமையாய் மட்டும் விடற்க. விதைநெல்லை எப்பசியிலும் உண்ணாதவன் உழவன். இந்த நான்காம் குவியலும் விதைநெல்லே.

அடுத்துக் கணக்கு. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழியை நாம் அடிக்கடி கூறுகின்றோம். உழவின் வருவாய் சிறிது என்று இரங்கிக் கூறியது அது. நாமோ கணக்கே வேண்டாம் என்பதற்கு அதனைச் சான்றாக்கிக்கொண்டோம். எம் அநுபவம் வேறு. எட்டணாப் புத்தகம் என்று முன்னாளிற் கூறுவர். இந்நாளில் 20 ரூபாய்க்கு ஒரு நோட்டுக் கிடைக்கின்றது. அதில் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. எம் வீட்டில் எழுதுபவர் எம் துணைவியார். முதல் மூன்று திங்களிலேயே, தேநீர்க் கடையிலும் வண்டி எண்ணெயிலும் யாம் நினைத்ததைப் போல் இருமடங்கு செலவாவது தெரிந்தது. ஒருவரும் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை, எழுத்தே கடிந்துகொண்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். அளந்து போடுவது கஞ்சத்தனம் அன்று. எவ்வளவு போட்டோம் என்று அறிவது. கணக்கு நோட்டை வீட்டில் ஒளித்து வைத்தல் வேண்டா. பத்து வயதுப் பிள்ளையும் அதனைப் படிக்கலாம். வீட்டின் வருவாயை அறியாத பிள்ளையே, பக்கத்து வீட்டு வண்டியைக் கண்டு தனக்கும் வேண்டுமென்று அழுகின்றது.

இனிச் சற்றுக் கசப்பானதைக் கூறப்போகின்றோம், பொறுத்தருள்க. நம் கடனுக்கு ஒரு காரணம் நாமே ஒருவர்க்கொருவர் விதித்துக்கொள்ளும் வரி. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, மணவிழா, புதுமனை புகுவிழா என ஆண்டு முழுதும் விழாக்கள், ஒவ்வொன்றிலும் மொய். பேராவூரணிப் பக்கத்திலும் அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் ஆடித் திங்களில் மொய் விருந்து நடைபெறுவதை அறிவீர்கள். மொய் என்பது அடிப்படையில் அரியதோர் ஏற்பாடு. வட்டியில்லாப் பணம், ஊரார் கூடி ஒருவனைத் தூக்கிவிடுவது, அதனால் கிணறு வெட்டியவரும் கடை வைத்தவரும் பிள்ளையைப் படிக்க வைத்தவரும் பலர். ஆயின், மொய் வரவு வருமானம் அன்று, கடன். எழுதியவர் வீட்டு விழா வரும்போது வாங்கியதையும் செய்து, மேலும் வைத்துச் செய்தல் வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் தென்னந்தோப்புகளை வீழ்த்திய பின், மொய் நோட்டில் தம் பெயருக்கு எதிரே நின்ற தொகையைத் திருப்ப வழியின்றிப் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வருந்தியோர் பலர். ஆதலின் மொய்ப்பணம் வந்த அன்றே அதனைத் தனிக்கணக்கில் இடுக. அதில் ஒரு பகுதியேனும் திருப்புவதற்கென்றே நிற்க. விருந்து முடிந்த களிப்பில் அதைக் கொண்டு வண்டி வாங்குவோன் கடனைக் கொண்டு வண்டி வாங்கியவனே.

பொன்னைப் பற்றியும் ஒரு சொல். நம் தாய்மார்கள் பொன்னைச் சேமிப்பென்று கருதுகின்றனர். அது பொய்யன்று. பஞ்சத்திலும் நோயிலும் குடும்பத்தைக் காத்தது தாலியும் வளையலுமே. ஆயின் கழுத்தில் இருக்கும் பொன் சேமிப்பு. அடகுக் கடையில் இருக்கும் பொன் கடன். ஆண்டுதோறும் ஆடியில் வைத்து மாசியில் மீட்கும் நகைக்கு நாம் கட்டும் வட்டியைக் கூட்டிப் பார்த்தால், சில ஆண்டில் அது ஒரு புது நகையின் விலையை எட்டிவிடும். நான்காம் குவியல் நிரம்பி வருமாயின், அடகுக் கடைப் படியை ஏற வேண்டிய ஆண்டுகள் குறையும். பொன் பெட்டியில் உறங்கும். பெண்டிர் முகமும் வாடாது.

சேமித்ததை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. இங்கேதான் நம்மவர் பலர் சேமித்தும் இழந்தனர். நூற்றுக்கு மூன்று, நான்கு என்று திங்கள்தோறும் வட்டி தருவோம் என்பார் சொல்லை நம்பி, பத்தாண்டு சேர்த்ததைப் பத்து நிமிடத்தில் கொடுத்தோரை யாம் அறிவோம். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட்டுக் கம்பெனி முறிந்தபோது வெள்ளையர் நடத்திய பெருநிறுவனம் என்று நம்பிப் பணமிட்டோர் பலர் தெருவில் நின்றனர். பெயர் பெரிது, கட்டடம் பெரிது என்பன பாதுகாப்பு ஆகா. இந்நாளில் வங்கிகளில் இடும் வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5,00,000 ரூபாய் வரை காப்புறுதி உண்டு. 2020 பிப்ரவரி முதல் இது நடைமுறை. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குப் பொருந்தாது. சீட்டுக் கட்டுவோர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்துக் கட்டுக. வட்டி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு அச்சம் கொள்க.

அவையோரே! இறுதியாக நம் சங்கத்தின் கடமைக்கு வருகின்றோம். சங்கமே ஒரு கடன் நிதி தொடங்கி, உறுப்பினர்க்குக் குறைந்த வட்டிக்குக் கடன் தரலாம் என்று சென்ற கூட்டத்தில் சிலர் கூறினர். நல்லெண்ணத்தோடு கூறியதே. அதற்கு மறுமொழியாக ஒரு பழைய செய்தியைக் கூறுவோம்.

உழவர் கடனைத் தீர்க்க வழி காணுமாறு சென்னை அரசு பிரடெரிக்கு நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் இரு பகுதியாக அறிக்கை அளித்தார். செருமனி நாட்டில் ஊர்த்தலைவராய் இருந்த இரைபைசன் என்பார் 1864இல் எடெசுடார்பு என்னுமிடத்தில் நிறுவிய சங்கமும் அதனைப் பின்பற்றியவையுமே நமக்கு ஏற்ற வழிகாட்டி என்பது நிக்கல்சன் கண்ட முடிவு. அச்சங்கங்களின் உயிர்நிலை யாது? ஓர் ஊரார் ஒருவரையொருவர் அறிந்து, சிறிது சிறிதாகத் தாமே சேர்த்து, அதனைத் தம்முள் கொடுத்து வாங்கியது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே 1904இல் நம் கும்பகோணத்தில் உள்ளூரார் கூடிக் கும்பகோணம் வங்கியைத் தொடங்கினர். அதுவே இன்று சிட்டி யூனியன் வங்கி என்னும் பெயரோடு அந்நகரையே தலைமையிடமாகக் கொண்டு விளங்குகின்றது. பின்னாளில் ஊர்தோறும் எழுந்த கடன் சங்கங்களோ, பெரும்பாலும் மேலிருந்து வரும் பணத்தைக் கீழே கொடுக்கும் வாயில்களாகவே ஆயின. உறுப்பினர் சேர்க்கக் கற்குமுன் வாங்கக் கற்றனர்.

நாம் அப்பிழையை மீண்டும் செய்தல் வேண்டா. கடன் நிதிக்கு முன்னர்ச் சேமிப்புப் பழக்கம் வருக. அதன்பொருட்டு மூன்று விண்ணப்பங்களைச் செய்கின்றோம்.

முதலாவது: ஒவ்வொரு பிள்ளைக்கும் அஞ்சலகத்தில் அதன் பெயரால் ஒரு கணக்கு. பெண்குழந்தை பத்து வயதுக்குட்பட்டதாயின் செல்வமகள் திட்டத்திலும் சேர்க்கலாம். பொங்கலன்று பெரியோர் தரும் காசு பலூனிலும் மிட்டாயிலும் முழுவதும் கரையாது, ஒரு பாதியேனும் அக்கணக்கிற்குப் போகுக.

இரண்டாவது: கடன் தீர்த்த உறுப்பினர், விரும்பின், அதனை இக்கூட்டத்தில் எழுந்து கூறுக. மணம் செய்தவரைப் பாராட்டுகின்றோம். மாடி கட்டியவரைப் பாராட்டுகின்றோம். கடன் தீர்த்தவரை ஒருவரும் பாராட்டுவதில்லை. அவர் தனியே மகிழ்ந்து, தனியே மீண்டும் வீழ்கின்றார்.

மூன்றாவது கூறச் சிறிது தயங்குகின்றோம். நம் மாத ஏட்டில் திருமணச் செய்திகளை வெளியிடும்போது, இத்தனை பந்தி, இத்தனை மேளம், இன்ன மண்டபம் என்று விரித்து எழுதுகின்றோம். அதனைப் படிக்கும் ஏழைத் தகப்பன் தன் மகள் மணமும் அவ்வாறு வெளிவர வேண்டுமே என்று ஏங்குகின்றான். எம் தங்கையின் திருமணச் செய்தியும் 2011இல் இவ்வேட்டில் வந்தது. யாம் அதனை வெட்டி வைத்திருந்தோம். புரோநோட்டின் படி ஒன்றும் அதே உறையில் இருந்தது. இனி மணமக்கள் பெயரும் பெற்றோர் பெயரும் வாழ்த்தும் மட்டும் வெளிவருக. மண்டபத்தின் பெருமை வேண்டா. இதனைச் செயற்குழு ஆய்ந்து முடிவு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கின்றோம்.

எம் கதையின் முடிவைக் கூறி அமைகின்றோம். மகளின் சடங்கை வீட்டு முற்றத்திலேயே உறவினரோடு நடத்தினோம். அடுத்த ஐந்தாம் நாள் முதல் 4,400 ரூபாய் இடம் மாறிற்று. இடையில் எம் அன்னையாரின் கண் சிகிச்சைக்காக 22,000 ரூபாய் எடுக்க நேர்ந்தது. அதனையும் கடனென்றே எழுதி, ஐந்து திங்களில் சேமிப்புக்குத் திருப்பினோம். எவர் வாயிலிலும் சென்று நின்றோமில்லை. 2025ஆம் ஆண்டு எம் மகள் கல்லூரியிற் சேர்ந்தாள். கட்டணமும் விடுதிச் செலவும் அத்தேக்கத்திலிருந்தே கட்டப்பட்டன. அன்று எம் இளவலும் திருப்பூரிலிருந்து வந்து உடன் வந்தான். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டான். கல்லூரி வாயிலில் சற்றே நின்று அண்ணாந்து பார்த்தான், ஒன்றும் கூறினானில்லை. யாமும் ஒன்றும் கேட்டிலோம்.

அவன் இழந்ததை எம்மால் மீட்டுத் தர இயலாது. அவன் போன்று இன்னொருவன் இழவாதிருக்க நம்மால் இயலும். கடன் உள்ளோர் விரைந்து தீர்க்க. தீர்த்தோர் தவணையை நிறுத்தாதிருக்க. வருகின்ற ஐந்தாம் தேதி நம் ஒவ்வொருவர்க்கும் தொடக்க நாளாகுக.